கற்காலக் கோடாரியும் ஒரு தேங்காயும்

மைத்துனன் வந்துபோகிற வீட்டில் ஒருவன் அறிவாளியாக வாழவே முடியாது. ஐந்து வருடம் ஆகியும் ஆறாத வயிற்றெரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன்.

ஊருக்கு வெளியே செம்மண் மேட்டில் மனை பார்க்கப் போனபோது ஒரு கல் கிடைத்தது. ஒரு பக்கம் கூர், மறுபக்கம் கைக்கு வாகான மழுக்கல். யூடியூபிலேயே தொல்லியல் படித்தவன் நான் (சிரிக்காதீர்கள், நோட்டுப் போட்டுக் குறிப்பெல்லாம் எடுத்தேன்). பார்த்ததும் தெரிந்துவிட்டது: பழைய கற்காலத்துக் கைக்கோடாரி! லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியைக்குப் படம் அனுப்பினேன்.

"நாளைக்கு ஆயுத பூஜை லீவுதான் சார், வீட்டுக்கே வந்து பாக்கறேன். அசலா இருந்தா எங்க காலேஜ் கண்ணாடிப் பெட்டியில உங்க பேரோட வைப்போம். கழுவிடாதீங்க," என்றார்.

என் பெயர்! கண்ணாடிப் பெட்டியில்!

மறுநாள் காலை, சாரம் பகுதியில் ஸ்கூட்டர் மெக்கானிக்காக இருக்கும் மைத்துனன் சேகர், வழக்கம்போல தன் ஸ்பேனர்களை எங்கள் வீட்டுப் பூஜையில் பரப்பினான். நான் சும்மா இருந்திருக்கலாம். "இதுங்களுக்கெல்லாம் முப்பாட்டன்டா இது," என்று கல்லை நடுவில் வைத்தேன்.

"சாமி முன்னாடி இது மட்டும் பொட்டில்லாம மொட்டையா இருக்கணுமா?" என்றபடி என் மனைவி கலா அதைக் குழாயடியில் தேய்த்துக் கழுவி, சந்தனம் பூசி, குங்குமமும் வைத்துவிட்டாள். நான் கத்தியது தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லையாம்!

சேகர் குனிந்து பார்த்தான். "இது ஆயுதமா மாமா? ஒடஞ்ச அம்மிக்குழவி மாதிரி இருக்குது."

"டேய், ஆதிமனுஷன் இத வச்சு யானையவே அறுத்திருக்கான்!"

"யானை வேணாம் மாமா. இந்தத் தேங்காய ஒடைங்க பாப்போம்."

ரோஷம் வந்துவிட்டது. ஓங்கி ஒரே போடு. தேங்காய் உருண்டு ஸ்பேனர்களுக்கு நடுவே பத்திரமாகப் போய் உட்கார்ந்தது. கோடாரியின் மூக்குதான் தெறித்து விழுந்தது. பல லட்சம் வருட மழையும் வெயிலும் செய்யாததை நான் ஒரு நொடியில் செய்து முடித்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா பேராசிரியை உள்ளே வரவேண்டும்! சந்தனம் வழியும் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அசல்தான் சார்..." பெருமூச்சு விட்டார். "இந்த முனைய யாரு ஒடச்சது?"

கலாவும் சேகரும் ஒரே குரலில் என் பெயரைச் சொன்னார்கள். இனிஷியலோடு!

கல் எப்படி உடைகிறது என்று மாணவர்களுக்குக் காட்டலாம் என்று இரண்டு துண்டையும் எடுத்துப் போனார். இன்று கண்ணாடிப் பெட்டியில் என் பெயர் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். பெரிய துண்டுக்குக் கீழே, 'பழைய கற்காலம். செய்தவர் தெரியவில்லை.' சின்னத் துண்டுக்குக் கீழே, 'அண்மைக்கால உடைப்பு. உடைத்தவர்' என்று போட்டு என் முழுப் பெயர். கண்டெடுத்தவன் யாரென்று ஒரு வரி கிடையாது! இது என்ன நியாயம்?

கடலூரிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வந்தாலும், கடற்கரையைக் காட்டுவதற்கு முன்னால் சேகர் அந்தக் கல்லூரிக்குத்தான் கூட்டிப்போகிறான்; போகிற வழியிலேயே தேங்காய்க் கதையையும் சொல்லிவிடுகிறான். போன மாதம் வந்த சித்தப்பா, கண்ணாடியில் முகம் ஒட்ட எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, அப்புறம் அந்தத் தேங்காய எதுலதான் ஒடச்சீங்க?"