லைசென்ஸ் மாமாவின் வில்லை

பம்பாயில் வீட்டைப் பிடிப்பதைவிடக் கடவுளைப் பிடிப்பது சுலபம். கடவுளுக்காவது தரகர்கள் ஏராளம். யுத்த காலத்து மாட்டுங்காவில் வீட்டுக்கு ஒரே தரகர்தான். அதாவது, அவர் கணக்கில். அவர்தான் லைசென்ஸ் மாமா.

வீட்டுத் தரகுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று அன்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாமா சொன்னார். கறுப்புக் கோட்டின் மார்பில் ஊக்குப் போட்டு ஒரு பித்தளை வில்லை தொங்கும். தினமும் புளி போட்டுத் தேய்த்ததில் எழுத்து பாதி கரைந்திருந்தது. கிங்ஸ் சர்க்கிளில் வேறு தரகர் எவராவது வாயைத் திறந்தால் போதும், மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நிற்பார்.

"லைசென்ஸ் இருக்கா ஓய்? சர்க்கார் சமாசாரம். உள்ளே தள்ளிடுவான்!"

அவர்கள் குடையைக்கூட மறந்துவிட்டு ஓடுவார்கள். அந்தக் குடைகளெல்லாம் மாமா வீட்டில்தான் இருந்தன. வில்லையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் பார்த்ததில்லை. மாட்டுங்காவில் பாதிப்பேர் குமாஸ்தாக்கள். பித்தளையில் எதைக் கண்டாலும் படிக்காமலே கும்பிடுகிற ஜாதி. நானும்தான்.

எனக்கு அப்போது புதுக் கல்யாணம். மனைவி கமலம் பாலக்காட்டில். "வீடு பாருங்கோ, அனுப்பறேன்" என்றார் மாமனார். வீட்டுக்காரச் சேட்டுகளோ குடும்பஸ்தனுக்குத்தான் வீடு தருவார்கள். தனி ஆள் என்றால் கொள்ளைக்காரன். பெண்டாட்டி இல்லாமல் வீடு இல்லை, வீடு இல்லாமல் பெண்டாட்டி இல்லை.

மாமா முதலில் என்னைப் பரீட்சை செய்தார். "குறட்டை உண்டா?"

"இல்லை மாமா. கொஞ்சம் பாடுவேன்."

"சேட்டுகிட்டே அதைச் சொல்லித் தொலைக்காதே."

மாமா கூட்டிப்போன சேட் என்னைப் பார்த்ததும் "பாய்கோ கிதர் ஹை?" என்றார். பெண்டாட்டி எங்கே என்று கேள்வி. மாமா மார்பைத் தட்டினார்.

"ஆயேகி சேட்! மேரா லைசென்ஸ் ஜாமீன்!" வருவாள், என் லைசென்ஸே ஜாமீன் என்று அர்த்தம்.

சேட்டின் மகன் சட்டம் படிப்பவன். குனிந்து வில்லையைப் படித்தான். விழுந்து விழுந்து சிரித்தான். முனிசிபாலிட்டி நாய்களுக்குக் கொடுக்கிற லைசென்ஸ் அது. கழுத்துப் பட்டையில் மாட்டுவது. சேட் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கமலம் பாலக்காட்டிலேயே கிழவியாகிவிடுவாள் என்று நினைத்தேன்.

மாமா அசரவில்லை. இந்தி பாதி, தமிழ் பாதியாக வெடித்தார்.

"ஹாங் சேட், குத்தே கா ஹை, நாயோடதுதான்! நாய் கடிக்கும்னு சர்க்காருக்குத் தெரியும், லைசென்ஸ் குடுத்துது. தலால், தரகன், அதைவிடக் கடிப்பான், அவனுக்கு ஒண்ணும் கிடையாது. நானாப் பாத்து மாட்டிண்டேன். இத்தனை வருஷத்திலே யாரையாவது கடிச்சிருக்கேனா?"

குடைகளை நான் நினைவூட்டவில்லை.

மாமா வில்லையைக் கழற்றிச் சேட்டின் கையில் வைத்தார். "அந்தப் பொண்ணு வர்ற வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும். வரலேன்னா நான் தரகையே விட்டுடறேன்."

சாவி என் கைக்கு வந்தது. கமலம் வரும்வரை மாமா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தலைகாட்டவில்லை. தரகர்கள் துணிச்சலாக வீட்டுக்கே வந்து குடைகளை வாங்கிப் போனார்களாம்.

தாதரில் கமலம் ரயிலைவிட்டு இறங்கியதும் மாமா பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "காப்பியெல்லாம் அப்புறம். முதல்லே சேட்டுகிட்டே உன் மூஞ்சியைக் காட்டும்மா!"

சேட் அவளைப் பார்த்துச் சிரித்து, வில்லையைத் திருப்பித் தந்தார். அவசரத்தில் மாமாவுக்கு ஊக்கு நுழையவில்லை. நான்தான் வாங்கி மாட்டிவிட்டேன்.

இந்தத் தடவை நன்றாகப் படித்துப் பார்த்தேன். அப்புறம்தான் கும்பிட்டேன்.