கந்தவேல் கேட்ட கால் மார்க்

இந்த முறை கன்னிவாடிக்குப் போவதில்லை என்று கந்தவேல் முடிவெடுத்துவிட்டான். அந்த முடிவை முதலில் லாட்ஜ் பூனையிடம் சொன்னான். அது மறுப்புச் சொல்லவில்லை. பிறகு சமையல்காரன் சுப்புராஜிடம் சொன்னான். மனைவி தேவசேனாவிடம் சொல்வதற்கு மட்டும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கன்னிவாடி அவன் மாமனார் ஊர். மாசி மாதம் அங்கே புளி தட்டும் மாதம். மாமனார் சேனாதிபதி புளியந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவர். அந்த நாட்களில் அந்த வீட்டு வாசலை யார் மிதித்தாலும், தபால்காரராகவே இருந்தாலும், ஒரு கட்டையும் ஒரு கூடைப் புளியம்பழமும் முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். ஓட்டை உடை, நாரை உரி, கொட்டையை எடு. போன வருஷம் போய்விட்டு வந்தபின் கந்தவேல் லாட்ஜுக்கு வந்த விருந்தாளி ஒருவருக்குக் கை கொடுத்தான். அவர் தன் கையைத் திரும்ப வாங்கச் சிரமப்பட்டார்.

மதுரையில் ஒரு தியேட்டரில் புதிதாக ஸ்பீக்கர் மாற்றியிருக்கிறார்கள் என்று கேள்வி. பொங்கலுக்கு வந்த போலீஸ் படம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. துப்பாக்கி வெடித்தால் நாற்காலி அதிர்கிறதாம். கந்தவேலுக்கு அந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்துவிட வேண்டும். கொடைக்கானலில் மாசியில் ஆள் வரத்து கிடையாது. சீசன் தொடங்கிவிட்டால் சாப்பிடக்கூட நேரமிருக்காது என்பதால், லாட்ஜ் முதலாளி அதற்கு முன்னால் ஒரு சனி, ஞாயிறு லீவு தருவார். கணவனுக்கும் மனைவிக்கும் சேர்ந்தாற்போல் வருகிற லீவு வருஷத்தில் அது ஒன்றுதான்.

லீவு இல்லாத நாளெல்லாம் கந்தவேல் லாட்ஜ் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பான். முதலாளி அங்கே ஒரு கம்ப்யூட்டரும் நெட்டும் போட்டுக் கொடுத்திருந்தார். ரூம் புக்கிங் பார்க்கத்தான். கந்தவேல் அதில் 'கொட்டகை டாட் காம்' பார்த்தான். புதுப் படங்களுக்கு ரசிகர்களே மார்க் போடுகிற சைட் அது. ஒன்றிலிருந்து பத்து வரை ஏதாவது ஒரு எண்ணை அழுத்தலாம். கந்தவேல் அங்கே 'கொடைக்குளிர்' என்ற பெயரில் பிரபலம். அதாவது, இரண்டு பேர் அவனுக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள்.

அவனுக்கு ஒரு நேர்மை உண்டு. பார்க்காத படத்துக்கு மார்க் போட மாட்டான். ஒரு கொள்கையும் உண்டு. எதையும் தோராயமாகச் சொல்ல மாட்டான். பேத்துப்பாறையிலிருந்து வந்த அவரைக்காய் எப்படி என்று கேட்டால் ஆறேமுக்கால் என்பான். பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் தன் பையனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து, "பொண்ணு எப்படி தம்பி?" என்று போட்டோவை நீட்டியபோது, "ஏழரை" என்று சொல்லிவிட்டான். அந்த அம்மாள் அதன் பிறகு அந்தப் பக்கம் வருவதில்லை.

புதன்கிழமை சாயங்காலம் தேவசேனாவே பேச்சை எடுத்தாள். அவள் லாட்ஜுக்குக் கீழே இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். காரட் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"சனி, ஞாயிறு லீவு சொல்லியாச்சாங்க?"

"சொல்லியாச்சு."

"வள்ளி திருப்பூர்லருந்து புள்ளையத் தூக்கிட்டு வந்திருக்கா. ஞாயித்துக்கெழம கெளம்பிருவா. அவகிட்ட ஒக்காந்து பேசி எத்தன மாசமாச்சு."

வள்ளி அவள் தங்கை. கந்தவேல் தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"அதுக்கில்ல தேவா. மதுரையில ஒரு படம்."

"படமா."

"நல்ல படம்."

"யாரு சொன்னா?"

"கொட்டகையில போட்டிருக்கான். ஏழு மார்க். ஏழுக்குக் கொறையாத படத்தப் பாக்காம விடுறது தப்பு."

"கொறைஞ்சா?"

"கொறைஞ்சா கன்னிவாடி. மூச்சு விடாம புளி தட்டுறேன்."

தேவசேனா கத்தியைக் கீழே வைத்தாள். "சனிக்கெழம காலையில அந்தப் பெட்டியில என்ன தெரியுதோ அதுதான் தீர்ப்பு. பெறகு பேச்சு மாறக் கூடாது. சரிங்களா?"

கந்தவேல் உடனே சரி என்றான். ஏழு மார்க் ஒரு வாரமாக ஏழாகவே நிற்கிறது என்பது அவனுக்குத் தெரியும். மனைவியை இவ்வளவு சுலபமாக ஜெயித்தது கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. காரட் பொரியலுக்கு எட்டேகால் போட்டான்.

மறுநாள் பள்ளி விட்டதும் தேவசேனா நேரே லாட்ஜுக்கு வந்தாள். வெளியே மூடுபனி ஏரியை முழுங்கியிருந்தது. ரூம் கேட்டு ஒருவரும் வரவில்லை.

"அந்த மார்க்கக் கொஞ்சம் காட்டுங்க."

கந்தவேல் பெருமையாகக் காட்டினான். மேலே கொட்டை எழுத்தில் ஏழு. அதன் கீழே மார்க் போட்டவர்களின் பெயரும் அவரவர் போட்ட எண்ணும் வரிசையாக இருந்தன. கந்தவேல் அந்த வரிசையை ஒருநாளும் கீழே வரை பார்த்ததில்லை. தேவசேனா பார்த்தாள். அவள் உதடுகள் மெல்ல அசைந்தன. பரீட்சைத் தாளைக் கூட்டும்போது அசைவதுபோலவே அசைந்தன. சாமி கும்பிடுகிறாளாக்கும், பாவம், என்று கந்தவேல் நினைத்துக்கொண்டான்.

கடைசி வரி வரைக்கும் போய்விட்டு, அடுத்ததாக இருந்த பேய்ப் படத்தின் வரிசையையும் ஒருமுறை பார்த்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"ஏங்க, போன மாசம் அந்தப் பேய்ப் படத்துக்கு ஏழேகால்னு சொன்னீங்களே. இதுல கொடைக்குளிர் ஏழுன்னு கெடக்கு. கால் எங்க போச்சு?"

கந்தவேலின் ஆறாத புண்ணில் விரல் பட்டது. "இதுல முழு நம்பர்தான் போட முடியும்."

"அப்ப உங்க கால்?"

"போச்சு."

"அநியாயமா இருக்கே. எங்க ஸ்கூல்ல ஒரு பையனுக்கு அரை மார்க் விட்டுப்போனா அவங்கப்பா சண்டைக்கு வந்துருவாரு. நீங்க சும்மா இருக்கீங்க."

"நான் என்ன செய்ய?"

"எழுதுங்க. சைட் நடத்துறவரு மனுசந்தான? உங்கள மாதிரி நுணுக்கமாப் பாக்கத் தெரிஞ்ச ஆளு சொன்னா கேக்க மாட்டாரா?"

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவளிடமிருந்து 'நுணுக்கம்' என்ற சொல் அவனுக்குக் கிடைத்ததில்லை. கந்தவேல் கீபோர்டை இழுத்தான். சைட்டை நடத்துபவர் கோயம்புத்தூரில் இருந்த திருமலைச்சாமி என்கிற இன்ஜினியர். அவருக்கு எழுதினான். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் எத்தனையோ படங்கள் அநாதையாக நிற்கின்றன என்று எழுதினான். பழனிக்கும் கொடைக்கானலுக்கும் நடுவில் ஊரே இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டான். தேவசேனா பக்கத்தில் நின்று படித்தாள்.

"நல்லா வந்திருக்கு. ஆனா போடுறது மட்டும் காலும் அரையுமா இருந்தா பத்தாதுங்க. மேல காட்டுறாங்கள்ல, அந்த மொத்த மார்க்கு, அதையும் புள்ளி வச்சு உள்ளபடி காட்டச் சொல்லுங்க. அப்பத்தான உங்க கால் எங்க போச்சுன்னு தெரியும்."

"எனக்கு இது தோணல பாரு," என்றான் கந்தவேல். அதையும் சேர்த்தான்.

கடிதத்தைத் திருமலைச்சாமி சைட்டிலேயே போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் கொட்டகை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. சேலத்துக்காரர் ஒருவர், "படத்துக்குப் போலாமா, வேண்டாமா? இதுக்கு ரெண்டு பட்டன் போதும். புள்ளி வச்சு நிறுக்க இது என்ன தங்கமா?" என்று எழுதியிருந்தார். "தங்கம் இல்லைதான். ஆனால் காய்கறிக் கடையில்கூடக் கால் கிலோவுக்குப் படிக்கல் வைத்திருக்கிறார்கள்" என்று கந்தவேல் திருப்பிக் கொடுத்தான்.

அன்றைக்கு மூன்று பேர் ரூம் கேட்டுப் போன் செய்தார்கள். மூன்று பேரிடமும், "அப்புறம் கூப்பிடுங்க, முக்கியமான சோலியா இருக்கேன்," என்றான்.

ஆள் சேர்க்கச் சுப்புராஜையும் இழுத்தான். சுப்புராஜ் அந்தப் போலீஸ் படத்தை வத்தலக்குண்டில் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரமாக நடித்துக் காட்டிக்கொண்டிருப்பவன்.

"எனக்கு இது புரியலண்ணே. கொழம்புல உப்பு ஒண்ணு சரியா இருக்கும், இல்ல தூக்கலா இருக்கும், இல்ல கம்மியா இருக்கும். ஆறேமுக்கால் உப்புன்னு ஒண்ணு இருக்கா?"

"உன் நாக்குக்குத் தெரியல. பழகணும். அந்தப் போலீஸ் படத்துக்கு நீ என்ன போடுவே?"

"பத்து."

"பாத்தியா. அவசரம். சண்டைக்கு எத்தனை, பாட்டுக்கு எத்தனை, கதைக்கு எத்தனைன்னு பிரிச்சுப் பாக்கணும். கூட்டணும், கழிக்கணும். அப்பத்தான் அது மார்க்கு."

சுப்புராஜ் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தான். மத்தியானச் சாப்பாடு தாமதமானது.

அன்று சாயங்காலம் வீட்டில் கந்தவேலுக்கு நெய்த் தோசை. கேட்காமலே இரண்டாவது காபி. "மதுரையில வெயிலா இருக்குமோ? பருத்திச் சேல எடுத்து வைக்கட்டா?" என்று தேவசேனா கேட்டாள். தோற்றுப்போனவள் இத்தனை அன்பாக இருப்பது அவன் மனதைத் தொட்டது. அடுத்த வருஷம் அவசியம் கன்னிவாடிக்குப் போகலாம் என்று சொன்னான்.

சனிக்கிழமை வெள்ளனே பையும் கையுமாக இருவரும் லாட்ஜுக்குப் போனார்கள். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. கந்தவேல் சம்பிரதாயத்துக்காகக் கம்ப்யூட்டரைப் போட்டான்.

கொட்டகையின் முகமே மாறியிருந்தது. மேலே ஓர் அறிவிப்பு. 'இனி மார்க்குகளைக் கால், அரை, முக்காலாகவும் போடலாம். மொத்த மார்க்கும் புள்ளி வைத்துக் காட்டப்படும். இதற்காகப் போராடிய அன்பர் கொடைக்குளிருக்கு நன்றி.'

"நம்ம பேரு," என்றான் கந்தவேல். விரலால் தொட்டுக் காட்டினான்.

"கீழ பாருங்க," என்றாள் தேவசேனா.

கீழே போலீஸ் படம். அதற்கு நேரே 6.8.

கந்தவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான். அப்போதும் 6.8.

"நேத்துக்கூட ஏழு இருந்துச்சே."

"நேத்தும் ஆறு புள்ளி எட்டுதாங்க. அவங்க முழுசாக்கி ஏழுன்னு காட்டிட்டு இருந்தாங்க. முப்பத்திநாலரை எடுத்த புள்ளைக்கு முப்பத்தஞ்சு போட்டுப் பாஸ் பண்ணி விடுவோம்ல, அந்த மாதிரி. அன்னிக்கே கூட்டி வகுத்துப் பாத்துட்டேன்."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதான் உள்ளபடி காட்டணும்னு எழுதிட்டு இருந்தீங்களே. நல்ல காரியத்துல குறுக்க வரக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

கந்தவேலின் விரல் பத்து என்ற எண்ணுக்கு மேல் போய் நின்றது. பார்க்காத படம். புளியங்கூடை கண்ணுக்குள் வந்தது. அப்போதும் அந்த விரல் கீழே இறங்கவில்லை. நேர்மை என்பது எவ்வளவு இடைஞ்சலான பழக்கம் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சட்டென்று ஞாபகம் வந்து, "சுப்புராஜு," என்று சமையல்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டான். "நீதான் படத்தப் பாத்தவன். வெரசா வந்து உன் மார்க்கப் போடு."

ஒரு பத்து விழுந்தால் கொஞ்சமாவது ஏறாதா என்பது அவன் கணக்கு. சுப்புராஜ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கண்ணை மூடினான். விரல் விட்டு எண்ணினான்.

"நீங்க சொல்லிக் குடுத்ததுலருந்து மனசு கேக்க மாட்டேங்குதுண்ணே. சண்ட ஒண்ணாங்கிளாஸ். ஆனா பாட்டு வந்தப்பல்லாம் நான் வெளிய போயிட்டேன். அதக் கழிக்கணும். தங்கச்சி செத்துப்போற எடத்துல பின்னாடி ஒருத்தன் சிரிச்சான். அதையும் கழிச்சா..." என்று சொல்லி, ஒற்றை விரலால் அழுத்தமாக ஆறேகால் போட்டான். "சரிதாங்களாண்ணே?"

"சரி," என்றான் கந்தவேல். வேறென்ன சொல்வது.

தேவசேனா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பருத்திச் சேலை கன்னிவாடி வெயிலுக்கும் பொருத்தமாகத்தான் இருந்தது.

வத்தலக்குண்டில் பஸ் மாறிக் கன்னிவாடியில் இறங்கியபோது கந்தவேலின் கண் எதிர்ச் சுவரில் நிலைத்தது. அதே போலீஸ், அதே துப்பாக்கி. ஊர்த் தியேட்டரில் அந்தப் படமே வந்திருந்தது. தினசரி மேட்னி.

"இங்கயே ஓடுதா?"

"அப்பா போன்ல ஏதோ சொன்னாரு," என்றாள் தேவசேனா. "போலாம். இன்னிக்கே மேட்னி போலாம்."

கந்தவேல் உயிர்த்தெழுந்தான். நாற்காலி அதிராவிட்டால் என்ன, தானே கொஞ்சம் ஆட்டிக்கொள்ளலாம். மாமனார் வீட்டில் வேகமாகச் சாப்பிட்டான். புளிக்கூடைப் பக்கம் திரும்பாமலே கை கழுவினான். சட்டையை மாற்றிக்கொண்டு தயாராக உட்கார்ந்தபோது, வள்ளி குழந்தையைக் கொண்டுவந்து, "ஒரு நிமிசம் வச்சிருங்க மாமா, தலை சீவிட்டு வந்துர்றேன்," என்று மடியில் வைத்தாள். குழந்தை அவனை ஒருமுறை பார்த்தது. திருப்தியாக ஒரு கொட்டாவி விட்டது. தூங்கிவிட்டது.

"அசங்காதீங்க மாப்ளே," என்றாள் மாமியார் சுந்தராம்பாள், ரகசியக் குரலில். "மூணு நாளா பகல்ல கண்ண மூடாத புள்ள. இப்ப எழுப்புனா ஊரே தாங்காது."

"படத்துக்கு..." என்றான் கந்தவேல், அதைவிட ரகசியமாக.

"அப்பா எடுத்து வச்ச டிக்கெட்டு வீணாகிறக் கூடாது. நானும் வள்ளியும் போயிட்டு வந்துர்றோம்," என்றாள் தேவசேனா. செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிவிட்டது.

மாமியார் ஒரு கூடையை அவன் வலது கை எட்டும் தூரத்துக்கு நகர்த்தினாள். "நீங்க தட்ட வேணாம் மாப்ளே, சத்தத்துல புள்ள முழிச்சுக்கிரும். ஒடைச்சதுதான் கெடக்கு. சும்மா கொட்டைய மட்டும் எடுங்க."

பொழுது சாயும்போது அக்காவும் தங்கையும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். கந்தவேலின் இரண்டு கால்களும் மரத்துப்போயிருந்தன. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஆனாலும் ரசிகன் ரசிகன்தான்.

"படம் எப்படி?" என்றான். "பிரிச்சுச் சொல்லு. மொதல்ல சண்டை."

இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"யாருங்க படம் பாத்தா?" என்றாள் தேவசேனா. "இந்த வீட்டுல ரெண்டு பேரு ஒக்காந்து பேச எடம் ஏது? பால்கனியில ஆளே இல்ல, நிம்மதியாப் பேசிட்டு வந்தோம். நடுவுல அந்தத் துப்பாக்கிச் சத்தந்தான் கொஞ்சம் தொந்தரவு."