மாத்திரையை மோப்பம் பிடிப்பவர்

எலெக்ட்ரோடு பூசுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. பஸ் நிறுத்தத்தில் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்பவர் கேட்காமலேயே, "துளியூண்டு பாரசிட்டமால் கலந்திருந்தாக்கூட நம்ம எலெக்ட்ரோடு காட்டிக் குடுத்துரும்" என்று ஆரம்பிப்பாரே, அவரேதான். கையில் இருப்பது ஒரு கரிக்குச்சி; அதன் தலையில் இன்றைக்கு கிராஃபீன் என்கிற நுண்கரியைத் தடவுவார், நாளைக்குத் தங்கத்தூள் தூவுவார், மறுநாள் ஆரஞ்சுத் தோலைக் கருக்கி அப்புவார், அதுவும் போதாதென்று மேலே ஒரு படலம் போர்த்தி, கரைசலில் முக்கி, மின்சாரம் கொடுத்து, கம்ப்யூட்டர் திரையில் கோடு மேடு தட்டுகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். மேடு எழும்பினால் மாத்திரை இருக்கிறது. எழும்பாவிட்டால் இல்லை. ஐயா, அது மாத்திரை அட்டையிலேயே அச்சடித்திருக்கிறதே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்கள் பஸ் போய்விடும்.

நம்முடையவர் இந்த இனத்தில் முற்றிய ரகம். எச்சிலில் மாத்திரையைக் கண்டுபிடிப்பது பற்றி ஓர் ஆராய்ச்சி இதழுக்கு அவர் அனுப்பிய கட்டுரை ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது: மாத்திரையே போடாத ஆளின் எச்சிலில் உங்கள் குச்சி சும்மா இருக்குமா? நிரூபிக்காவிட்டால் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லாவிட்டால் பதவி உயர்வும் இல்லை. மாத்திரை போடாத ஆளுக்கு எங்கே போவது? லேபில் எல்லோருக்கும் தலைவலி, காரணம் இவர்தான். நேரே வீட்டுக்கு வந்து மனைவியிடம் குப்பியை நீட்டினார்.

"இதுல கொஞ்சம் துப்பும்மா."

"எதுக்குங்க?"

"உனக்குத்தான் தலைவலி, காய்ச்சல்னு ஒண்ணுமே வராதே. அதான்."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். துப்பினாள். கேட்டதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே துப்பினாள்.

மறுநாள் லேபில் குச்சியை முக்கினார். மேடு! சின்ன மேடா? திரையை முட்டுகிற மேடு. பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினார், தங்கத்தூளைத் திட்டினார், ஆரஞ்சுத் தோலைச் சந்தேகப்பட்டார், கம்பியைப் பிடுங்கிச் செருகினார். மேடு அசையவில்லை.

"சார், மேடம் மாத்திரை போட்டிருப்பாங்களோ?" என்றாள் ஆராய்ச்சி மாணவி.

"எனக்குத் தெரியாம, என் வீட்டுலயா? நல்லா சொன்ன போ!"

இருந்தாலும் சாயங்காலம் கேட்டுவைத்தார்.

"ஏம்மா, நீ மாத்திரை ஏதாவது போட்டியா?"

"தினமும்தான் போடறேன். மாசக்கணக்கா ஒத்தைத் தலைவலி. உயிர் போகுது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "உங்க குச்சிகிட்டயும்தான் நான் சொல்லல. அது கண்டுபிடிச்சிருச்சே."

மனிதருக்கு முகம் செத்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெற்றியில் கை வைத்தார். "ரொம்ப வலிக்குதாம்மா? நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம்" என்றார். அவருக்கு நிஜமாகவே மனசு ஆறவில்லை, பாவம். ஆனால் இனத்தின் குணம் எங்கே போகும்? "கடைசியா எத்தன மணிக்குப் போட்ட? குறிச்சு வச்சா அடுத்த கட்டுரைக்கு..." என்று வாயெடுத்தார். காய் நறுக்கிய கத்தி நின்றது. மீதியை விழுங்கிவிட்டார்.

நமக்கென்ன, நாம் எலெக்ட்ரோடு பூசுகிறவரா என்ன என்று சிரித்துக்கொண்டே உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவைத் தாண்டிப் போகிறீர்கள், இல்லையா? அதுதான் எனக்குக் கவலை. அவரிடமாவது ஒரு குச்சி இருந்தது.