காத்தாடிமேட்டில் பனி பொழிந்த விவரம்

அரசாங்கத்துக்கும் குளிர் எடுப்பது மார்கழியில்தான். ஆனால் அந்தக் குளிர் மேசை மேசையாக இறங்கி, ஒவ்வொரு மேசையிலும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போடிநாயக்கனூர் வந்து சேர்வதற்குள் பங்குனி பிறந்துவிடும். "மலைப்பகுதிகளில் குளிர்கால விளையாட்டுகளைத் திறன்பேசி வாயிலாகப் படம்பிடித்து ஊக்குவித்தல்" என்ற சுற்றறிக்கையும் அப்படித்தான், ரோட்டில் தார் உருகிக்கொண்டிருந்த ஒரு மத்தியான வேளையில் மலைச்சரிவு மேம்பாட்டு அலுவலகத்துக்குள் நுழைந்து, இளநிலை உதவியாளர் விஜயகுமாரின் மேசையில் அமர்ந்தது.

விஜயகுமாருக்கு அன்று வேறு கவலை. அவன் மனைவி அமுதவள்ளிக்கு அவள் அப்பா விட்டுப்போன ஏலத்தோட்டம் காத்தாடிமேட்டில் இருக்கிறது. மழை பொய்த்து, ஓடை வற்றி, ஏலச்செடியெல்லாம் சோளத்தட்டை மாதிரி காய்ந்து நின்றது. வறட்சிச் சான்று கிடைத்தால் அரசு லாரியில் தண்ணீர் வரும். சித்திரைக்குள் வராவிட்டால் செடியைப் பிடுங்கி அடுப்பெரிக்க வேண்டியதுதான். அந்தக் கோப்பு அலுவலர் சந்திரவல்லியின் பரிந்துரைக்காகப் பல நாளாகக் காத்துக் கிடந்தது.

சந்திரவல்லி சமீபத்தில் விலை உயர்ந்த போன் ஒன்றும், அது ஆடாமல் இருக்க ஒரு கைப்பிடியும், முகம் துலங்க ஒரு வட்ட விளக்கும் வாங்கியிருந்தார். கோப்பில் கையெழுத்துப் போடுவதைக்கூட மெதுவோட்டத்தில் எடுத்து, வீணை இசை சேர்த்து வெளியிடுவார். ஒரு கையெழுத்துக்கு இத்தனை நாள் ஆவது அதனால்தான் என்று அலுவலகத்தில் பேச்சு.

"உங்க தோட்டம் நல்ல சரிவுதானே? பனி உண்டா?" என்று கேட்டார்.

"மார்கழியில புல்லு நனையும் மேடம்."

"நனைஞ்சாப் போதாது விஜயகுமார். வழுக்கணும்."

நம் சரகத்தில் குளிர்கால விளையாட்டு கிடையாது என்று பதில் எழுதிவிடலாமே என்று அவன் மெல்லச் சொல்லிப் பார்த்தான். 'இல்லை' என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை என்பதை அவர் சுட்டிக்காட்டினார். வீடியோ மேலே போகட்டும், மறுநாளே உங்கள் வறட்சியும் மேலே போகும் என்றார். போனையும் கைப்பிடியையும் அவனிடமே ஒப்படைத்தார்.

வழி சொன்னது, தோட்ட ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் பிரின்ஸ்.

"அண்ணே, போடியில பனி இல்ல, சரி. பஞ்சு இருக்குல்ல? ரெண்டும் வெள்ளைதானே. இதுக்குப் போயி மண்டையக் காய விடுறீக."

இலவங்காய் வெடிக்கும் பருவம். வீரையாவின் பஞ்சுப் பேட்டையில் இலவம்பஞ்சு மூடை மூடையாகக் கிடந்தது. ஒரு ஜீப் லோடு ஏற்றிக்கொண்டுபோய்த் தோட்டத்தை ஒட்டிய மொட்டைச் சரிவில் பரப்பினார்கள். சரிவு மட்டும் வெளுத்து, பக்கத்துச் செடி காய்ந்து கிடந்தால் இயற்கையாக இருக்காது என்று ஏலச்செடிகளின் மேலும் நன்றாகத் தூவினார்கள். பிரின்ஸ் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் மாட்டி, காலுக்கொரு பாக்குமட்டையைக் கட்டி, இரண்டு கையிலும் கம்பு ஊன்றி, வெளிநாட்டு வீரனைப் போல் மேட்டில் நின்றான். பார்வையாளர்களாகத் தோட்ட ஆட்கள் கம்பளி போர்த்தி வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். நடுங்கவேண்டும் என்று அவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

"வேர்வை கண்ணுல எறங்குது அப்பு. இதுல எங்கிட்டு நடுங்குறது?" என்றாள் வரிசையில் நின்ற கருத்தம்மா.

விஜயகுமார் சுற்றறிக்கையின் இணைப்பை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினான். குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கிவிடும், ஆகையால் திறன்பேசியை உள்சட்டைப் பையில் கதகதப்பாக வைத்திருக்கவும் என்று அதில் இருந்தது. வைத்திருந்தான். படமெடுக்க வெளியே எடுத்தபோது போன் அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. சூடு தாங்கவில்லை, ஆறிய பின் திறக்கவும் என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு அணைந்துபோனது. பிரின்ஸ் பாக்குமட்டையை அவிழ்த்துப் போட்டு, ஜீப்பை அடிவாரத்துக்கு விரட்டி, ஒரு பெட்டி குச்சி ஐஸ் கொண்டுவந்தான். அன்றைய குளிர்கால விளையாட்டில் உண்மையாகக் குளிர்ந்திருந்தது அது ஒன்றுதான். அதுவும் போனுக்கு ஒத்தடம் கொடுப்பதிலேயே கரைந்துபோனது.

போன் கண் விழித்தது. பிரின்ஸ் சறுக்கினான். காத்தாடிமேட்டுக்குப் பேர் சும்மா வரவில்லை. அடித்த காற்றில் பஞ்சு ஆளுயரத்துக்குக் கிளம்பி, மெதுவோட்டத்தில் தேவலோகம் மாதிரி மிதந்தது. பஞ்சு மூக்கில் ஏறிப் பார்வையாளர்கள் அத்தனை பேரும் தொடர்ந்து தும்மினார்கள். குளிரை இதைவிடத் தத்ரூபமாக யாரும் நடித்துவிட முடியாது. கடைசியில் பிரின்ஸ் குட்டிக்கரணம் போட்டுப் புதருக்குள் விழுந்தது, 'வீரரின் சாகசம்' என்ற தலைப்பில் சேர்க்கப்பட்டது.

வீடியோவுக்கு மாநில அளவில் முதல் பரிசு. சந்திரவல்லி கேடயம் வாங்குவதைத் தானே மெதுவோட்டத்தில் எடுத்துக்கொண்டார். காத்தாடிமேடு சுற்றுவட்டாரம் முழுவதும் 'பனிப்பொழிவுப் பகுதி' என அறிவிக்கப்பட்டது. சித்திரை வெயிலில் போடிக் கடைகளில் ஸ்வெட்டர் தொங்கியது. பனி பார்க்க வந்தவர்களைப் பிரின்ஸ் ஜீப்பில் ஏற்றிப்போய், "நேத்து வந்திருக்கணும் சார், இன்னைக்கு உருகிப்போச்சு" என்று தினமும் சொல்லித் திரும்ப இறக்கிவிட்டான். சொன்னபடியே விஜயகுமாரின் கோப்பும் கையெழுத்தாகி வறட்சி ஆய்வுப் பிரிவுக்குப் போனது.

அங்கே இருந்தவர் ஆய்வாளர் யோசேப்பு. நேர்மையானவர் என்று பேர். கோப்பைத் திறந்துவைத்து, பக்கத்திலேயே தன் போனில் அந்த வீடியோவையும் ஓடவிட்டார்.

"தம்பி, இது உங்க தோட்டந்தானே?"

"ஆமா சார்."

"செடி மேலயெல்லாம் பனி பெஞ்சிருக்கே. பனி உருகுனா தண்ணி. தண்ணி இருந்தா ஏது வறட்சி?"

"சார், அது பனி இல்ல. பஞ்சு."

யோசேப்பு கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப பரிசு வாங்குன வீடியோ பொய்யா? அரசுக்குப் பொய் வீடியோ அனுப்புனதாப் பதிவு பண்ணிரவா? சோலி போயிரும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பஞ்சா, பனியா?"

ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இலை அசையாமல் நின்றது. விஜயகுமார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பனிதான் சார்."

"நல்லது" என்ற யோசேப்பு, காத்தாடிமேடு சுற்றுவட்டாரத் தோட்டங்கள் எதிலும் வறட்சி இல்லை என ஒரே உத்தரவாக எழுதி முத்திரை வைத்தார். இலவு காத்த கிளிக்குக் கடைசியில் பஞ்சாவது கண்ணில் பட்டது. விஜயகுமாருக்கு அந்தப் பஞ்சும் காற்றோடு போயிருந்தது.

வீட்டில் அமுதவள்ளி அழவில்லை.

"பனிதான் பெஞ்சுச்சுன்னு முத்திரை குத்திட்டாகள்ல? அப்பப் பனிக்கு என்ன குடுப்பாகன்னு கேட்டீகளா?"

அவனுக்கு அது தோன்றவில்லை. மறுநாள் விதித்தொகுப்பைப் புரட்டினான். இமயமலைப் பக்கம் யாருக்கோ எழுதியதை இங்கே யாரோ படிக்காமல் நகலெடுத்திருந்த ஒரு விதி அகப்பட்டது. 'பயிர்களின் மீது உறைந்த பனியைக் கழுவி அகற்றும் பொருட்டு, பாதிக்கப்பட்ட தோட்டம் ஒவ்வொன்றுக்கும் உடனடியாக லாரித் தண்ணீர் வழங்கப்படும். பனி மூடிய செடிகளோடு விண்ணப்பதாரரின் முகமும் தெரியும் வண்ணம் திறன்பேசியில் புதிதாக எடுத்த வீடியோவை இணைக்க வேண்டும்.'

அமுதவள்ளி இதைக் கருத்தம்மாவிடம் மட்டும், அதுவும் ரகசியமாகச் சொன்னாள்.

விடிந்ததும் அவன் வெரசாகக் கிளம்பிப் பஞ்சுப் பேட்டைக்குப் போனால், வாசலில் ரேஷன் கடை மாதிரி கூட்டம். ஆளுக்கொரு சாக்கு, ஆளுக்கொரு போன். வீரையா திட்டின்மேல் ஏறி நின்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"தள்ளாம நில்லுங்கப்பா. தோட்டத்துக்கு ஒரு மூடைதான். ரொம்பப் பெஞ்சா நம்ப மாட்டாக."

விஜயகுமார் வரிசையின் கடைசியில் போய் நின்றான். அவனுக்கு முன்னால் சாக்கை மடித்துக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றவர் திரும்பினார். ஆய்வாளர் யோசேப்பு. அவர் மாமனார் தோட்டமும் காத்தாடிமேட்டில்தான் இருக்கிறது. அவர் எழுதிய உத்தரவு அதற்கும் சேர்த்துத்தான்.

இரண்டு பேரும் சற்று நேரம் பேட்டையின் தகரக் கூரையைப் பார்த்தார்கள். அதில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

"இந்த வருசம் பனி கொஞ்சம் அதிகந்தான்" என்றார் யோசேப்பு.

"ஆமா சார்."

வரிசை ஒரு அடி நகர்ந்தது. யோசேப்பு சட்டைப் பையிலிருந்து தன் புதுப் போனை எடுத்தார். "தம்பி, நீங்க பரிசு வாங்குனவுக. போனை எப்படிப் பிடிக்கணும்? நெட்டுக்குத்தாவா, கிடையாவா?"

"கிடையாப் பிடிங்க சார்" என்றான் விஜயகுமார் மிகுந்த பணிவோடு. "அதுவரைக்கும் உள்சட்டைப் பையில கதகதப்பா வச்சிருங்க. குளிர்ல கெட்டுப்போகும்."