குன்னூர் வரைக்கும் டிக்கெட் எடுத்த கீரை

ஐஸ்பெட்டிக்குக் கம்பளி போர்த்திவிட்டு, தான் வெறும் சட்டையோடு வெடவெடத்த மனிதர் இந்த நீலகிரி மலையிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பக்கத்து வீட்டுக் கண்டக்டர். பஸ்ஸை விட்டு இறங்கி வருடங்கள் ஆகிவிட்டன. குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

ஊட்டியிலிருந்து எமரால்டு போகிற வழியில் எங்கள் வீடுகள். ஆளுக்கொரு துண்டு தோட்டம், நடுவே ஒரு வேலி. ஒரே மண், ஒரே மழை, ஒரே கடையில் வாங்கின விதை. ஆனால் அவர் பாலக் யானைக் காது மாதிரி விரியும், என்னுடையது எலிக்காது. மார்கழியில் உறைபனி விழுந்தால் இருவர் கீரையும் கருகிவிடும். அதில் மட்டுமாவது கடவுள் நியாயமாக இருக்கிறார் என்று நான் சமாதானமாக இருந்தேன். அந்தச் சமாதானத்திலும் இந்த ஆள் மண்ணள்ளிப் போட்டார்.

ஐஸ்கிரீம் கடையை மூடிய யாரிடமிருந்தோ ஒரு பெரிய ஐஸ்பெட்டியை வாங்கி வந்து, ஹாலில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார். பக்கவாட்டில் கோன் ஐஸ் தின்னும் கரடிப் படம். ஐப்பசியிலேயே கீரையை அறுத்து, கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி, உடனே பைப் தண்ணீரில் போடுவார். எங்கள் ஊர்ப் பைப் தண்ணீருக்கு ஐஸ் கட்டி தேவையில்லை. பிறகு பிழிந்து, உருண்டை பிடித்து, கவரில் கட்டிப் பெட்டிக்குள் தள்ளிவிடுவார். தை மாதம் எல்லார் தோட்டமும் கருகிக் கிடக்கும்போது அவர் வீட்டில் மட்டும் பச்சைப் பசேலென்று கீரைக் கடைசல்.

முக்குகிற நேரத்துக்குக் கடிகாரம் பார்க்கமாட்டார். சட்டி முன்னால் நின்று, ஊட்டியிலிருந்து குன்னூர் வரை பஸ் நிற்கிற இடங்களை ராகம் போட்டுச் சொல்வார். "லவ்டேல்... வேலிவியூ... எல்லநள்ளி... பாலக்கெல்லாம் எறங்கிக்குங்க." பாலக்குக்கு எல்லநள்ளி போதும். முரட்டுச் சுக்குட்டிக்கீரைக்கு, அதுதான் மணத்தக்காளிக்கு, குன்னூர் வரை டிக்கெட்.

"குளுர வெக்கற கீரைய எதுக்குங்க மொதல்ல சுடறீங்க?" என்று ஒருநாள் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"டிக்கெட் எடுக்காம ஏறுனா பாதி வழியில எறக்கி உட்ருவாங்கல்லங்க," என்றார். வெறும் பந்தா என்று முடிவு கட்டினேன்.

பெங்களூரில் இருக்கும் என் மகள் பிள்ளையுண்டாகியிருந்தாள். தையில் வளைகாப்புக்கு வருவதாக இருந்தது. ஐப்பசியிலேயே போனில் சொன்னாள்: "ப்பா, எனக்குச் சுக்குட்டிக்கீரைக் கடைசல் வேணும்ப்பா. கண்டக்டர் மாமாகிட்ட சொல்லி வெச்சிருங்க."

பெற்றவன் நான், தோட்டம் வைத்திருப்பவன் நான். அவளுக்கு ஞாபகம் வந்தது கண்டக்டர் மாமா. அன்றைக்கு எனக்கு எரிந்த வயிற்றில் அடுப்பே பற்றவைத்திருக்கலாம். என் மகள் சாப்பிட்டால் என் கீரையைத்தான் சாப்பிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

ஐஸ்பெட்டி எதற்கு? பனிதான் சும்மா கொட்டுகிறதே, கரண்ட் பில்லா கேட்கிறது? மார்கழி வரை சாக்கு மூடிக் காப்பாற்றி வைத்திருந்த சுக்குட்டிக்கீரையை அறுத்து, அலசி, தட்டில் பரப்பித் தகரக் கூரைமேல் வைத்தேன். காலையில் பார்த்தால் அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. கண்டக்டர் கண்ணில் படட்டுமென்று தட்டை வேலியோரம் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. தட்டில் கருப்பாகக் கொழகொழவென்று ஏதோ கிடந்தது.

"செடியில இருக்கறப்பவே பனி பட்டாக் கருகுது. தட்டுல வெச்சா மட்டும் கருகாதுங்களா?" என்றாள் என் மனைவி. வழக்கத்துக்கு மாறாக அதோடு விட்டுவிட்டாள்.

மகள் வரவேண்டிய வாரம், வீட்டுக்கு வீடு ஹீட்டர் போட்டதில் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. மறுநாளும் கரண்ட் வராது என்றார்கள். சொல்வதற்கென்ன, எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. துக்கம் விசாரிக்கிற முகத்தை மாட்டிக்கொண்டு கண்டக்டர் வீட்டுக்குப் போனேன்.

ஐஸ்பெட்டிமேல் அவர் வீட்டுக் கம்பளி, ஜமுக்காளம், சால்வை, அவருடைய ஸ்வெட்டர் எல்லாம் கிடந்தன. அதற்கும் மேலே அவருடைய மங்கி குல்லா. பக்கத்தில் அவர் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, பெட்டிக்குக் குளுருதுங்களா?"

"வெளிச்சூடு உள்ள போயிறக் கூடாதுங்க. பெங்களூர் அம்மிணிக்கு வேண்டிய கீரை அடியில இருக்குது. மூடியத் தொட்றாதீங்க."

எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. கீரை கெட்டால் மகள் முகம் வாடும். பிழைத்தால் இந்த மனிதர் பேர் வாங்குவார். பிறகு வீட்டுக்குப் போய் என் புதுக் கம்பளியை எடுத்துவந்து, முணுமுணுத்துக்கொண்டே கரடிக்குப் போர்த்தினேன்.

கீரை பிழைத்தது. மகள் வந்த அன்று கண்டக்டரே உருண்டைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உட்கார்ந்துகொண்டார். பேர் வாங்கத்தான் என்று நினைத்தேன். மனைவி கடைந்து பரிமாறினாள். சுடுசோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்ததுமே மகள், "மாமா, உங்க கீரைய அடிச்சுக்க ஆளே இல்லீங்க" என்றாள். நான் சுவரைப் பார்த்தேன்.

யாராவது பாராட்டினால் நாலு வீட்டுக்குக் கேட்கும்படி அதைத் திருப்பிச் சொல்கிற மனிதர் அவர். அன்றைக்குத் தலையை ஆட்டினார். "என்னோடது இல்லீங்க அம்மிணி. இது உங்கப்பா தோட்டத்துக் கீரை. ஐப்பசியிலயே உங்கம்மா கொஞ்சங்கொஞ்சமா அறுத்துக் கொண்டாந்து குடுத்தாங்க. நான் குன்னூர் வரைக்கும் டிக்கெட் போட்டு ஏத்தி உட்டேன், அவ்வளவுதான்."

மனைவியைப் பார்த்தேன். "உங்ககிட்டக் கேட்டிருந்தா உட்டிருப்பீங்களா?" என்றாள்.

"ப்பா, இன்னுங் கொஞ்சம் போடுங்க," என்று மகள் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். கரண்டியை எடுத்தேன். சட்டியோடு வழித்துப் போட்டேன்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. இந்த வருடமும் அவர் பாலக் யானைக் காதுதான், பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் கரண்ட் போனால் மட்டும் இரண்டு கம்பளியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன். பெட்டிக்கு ஒன்று போதும்.