ஒரு பட்டன் டப்பாவும் பதினேழு கிரகங்களும்

அண்டம் முழுவதையும் பிடித்தே தீருவது என்று நான் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அதற்கு ஐந்து நிமிஷம் முன்புதான் மாடி வீட்டுப் பல் டாக்டர் என்னை ஏழாவது முறையாகத் தோற்கடித்திருந்தார்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது கம்ப்யூட்டரில் ஆடுகிற விண்வெளி விளையாட்டு. ஆளுக்கு ஒரு கிரகம் கொடுத்து ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். மண்ணைத் தோண்டி உலோகம் எடுக்க வேண்டும். எரிபொருள் காய்ச்ச வேண்டும். குடிமக்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். மிஞ்சியதில் கப்பல் கட்டி, அக்கம்பக்கத்துக் கிரகங்களைப் பிடித்து, கடைசியில் எதிராளியின் தாய்க் கிரகத்தில் கொடி நட வேண்டும். டாக்டர் அவர் வீட்டில், நான் என் வீட்டில், மாற்றி மாற்றி நகர்த்துவோம். ஒரு ஆட்டம் முடியப் பத்துப் பன்னிரண்டு நாள் பிடிக்கும் என்கிறார்கள். நான் ஆடினால் மூன்றே நாள்தான்.

காரணம், எனக்குக் கப்பல் என்றால் உயிர். எடுத்த எடுப்பில் நாற்பது போர்க்கப்பல் கட்டிவிடுவேன். வரிசையாகக் கிளம்பும்போது பார்க்கக் கண் கோடி வேண்டும். பாதி வழியில் எரிபொருள் தீர்ந்துபோகும். நாற்பதும் நட்டநடு வானத்தில் நிற்கும். டாக்டர் நிதானமாக வந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போவார். பிடுங்குவது அவருக்குத் தொழில்.

இத்தனைக்கும் நான் ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எந்த அலமாரியில் எந்த வாஷர் எத்தனை இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரே ஒரு போல்ட் கேட்டு வருகிறவனைக்கூட மூன்று கையெழுத்து வாங்கிவரச் சொல்லித் திருப்பி அனுப்புவேன். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரனுக்கு வானத்துக்குப் போனால் மட்டும் புத்தி பேதலித்துவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் மனைவி கூடத்தில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். எட்டு வருஷம் ஒரு தையல் கடையில் வேலை பார்த்துவிட்டு, மூன்று மாதமாக வீட்டிலேயே சொந்தமாகத் தைக்கிறாள். ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கு அறுபது வெள்ளைக் கோட்டு கேட்டிருந்தார்கள். இரண்டு வாரத்தில் கொடுக்க வேண்டும். நன்றாக அமைந்தால் இனி மொத்தத் தையலும் இவளுக்குத்தான். தோற்ற முகத்தோடு நான் வெளியே வந்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

"என்னங்க, அந்த ரூமை எனக்குக் குடுத்துடுங்களேன்."

"எந்த ரூம்?"

"வீட்ல இருக்கிறதே ரெண்டு ரூம். ஒண்ணுல தூங்குறோம்."

"இன்னொண்ணு நான் யோசிக்கிற ரூம்."

"யோசிச்சா ஏழு தடவை தோத்தீங்க?"

இந்த இடத்தில் எந்த ஆண்பிள்ளைக்கும் ரோஷம் வரும். எனக்குத் தேவைக்கு அதிகமாகவே வந்தது.

"இந்தா பாரு. எட்டாவது ஆட்டம் நாளைக்கு ஆரம்பிக்குது. ஜெயிச்சேன்னா ரூம் என்னுது. அதுக்கப்புறம் நீ ரூம் பேச்சையே எடுக்கக் கூடாது."

"தோத்தா?"

"அன்னிக்கே காலி பண்ணிடறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் ஸ்டோர் கீப்பர்மா. சொன்னா சீல் வச்ச மாதிரி."

"சரி" என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவ்வளவு சுலபமாக அவள் சரி சொன்னதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் ஆட்டம் தொடங்கியது. வழக்கம்போலக் கப்பல் கட்டும் பொத்தான் மேல் விரலை வைத்தேன். பின்னாலிருந்து காப்பி வாசனை வந்தது. அதன் பின்னாலேயே அவள் குரலும் வந்தது.

"எத்தனை கட்டப் போறீங்க?"

"நாப்பது."

"எரிபொருள் எத்தனைக்கு இருக்கு?"

"ஆறுக்கு."

"மீதி முப்பத்திநாலை என்ன பண்ணுவீங்க, தள்ளிட்டுப் போவீங்களா?"

பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.

"அறுபது கோட்டுக்கும் துணியை ஒரே நாள்ல வெட்டிப் போட்டா, அன்னிக்கே தச்சு முடிச்சிட முடியுமா? வெட்டினது மூலையில கிடந்து கசங்கும். காலரு ஒரு பக்கம், கை ஒரு பக்கம் காணாமப் போகும். பத்து வெட்டணும், பத்து தைக்கணும். அப்புறம் அடுத்த பத்து. மொதல்ல எரிபொருளைக் காய்ச்சுங்க. கப்பல் எங்கயும் ஓடிப்போயிடாது."

எனக்குச் சந்தேகம் வந்தது. கிடங்கில் வேலை பார்க்கிறவனுக்கு யார்மேலும் சந்தேகம் வரும்.

"நான் தோத்தாத்தானே உனக்கு ரூம்? நீ எதுக்கு எனக்கு யோசனை சொல்றே?"

"அதுக்காக? எம்புருஷன் எட்டாவது தடவையும் தோத்துட்டு, மாடிப்படியில அவரைப் பாக்கும்போதெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கணுமா? எனக்கு அது பிடிக்காதுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. கலங்கிய கண்ணோடு நான் உட்கார்ந்திருந்த அந்தச் சமயத்தில்தான் அவள் கையிலிருந்த டப்பாவைக் காட்டினாள்.

"இந்தப் பட்டன் டப்பாவை ஜன்னல் ஓரமா வச்சுக்கட்டுமா? ஹால்ல கால் பட்டுப் பட்டுக் கொட்டுது."

"வையேன், ஒரு டப்பாதானே."

அன்றைக்கு ஒரு கப்பல்கூடக் கட்டாமல் எரிபொருள் காய்ச்சினேன். மறுநாள் காலையில் படியில் டாக்டர் என்னை நிறுத்தினார்.

"என்ன சார், கப்பலையே காணோம்?"

"கட்டல சார்."

"உடம்பு சரியில்லையா?"

அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். அதுவே எனக்குப் பாதி வெற்றியாகத் தோன்றியது.

மூன்றாம் நாள் நான் அவருடைய எல்லையோரம் உள்ள பெரிய கிரகத்தைத் தாக்கத் துடித்தேன். அவள் தடுத்தாள். இந்த முறை கையில் நூல்கண்டுப் பெட்டி இருந்தது. அலமாரியில் இரண்டாவது தட்டு காலியாகத்தானே இருக்கிறது என்று அவள் கேட்டதும், நான் தலையாட்டியதும் லேசாக நினைவிருக்கிறது.

"எதுக்குங்க பெருசா போய் மோதுறீங்க? பெருசைத் தொட்டா யாருக்கும் கோபம் வரும். பக்கத்துல யாரும் சீந்தாம குட்டி குட்டியா கிடக்குதே, அதையெல்லாம் பிடிங்க."

"அதுவும் அவரு எல்லைக்குள்ள இருக்கே."

"கேட்டுட்டுப் போங்க."

"கேட்டா குடுப்பாரா?"

"சின்னதா கேட்டா யாரும் குடுப்பாங்க. அதுவும் அவரு வேற வேலையில மும்முரமா இருக்கிற நேரம் பாத்துக் கேக்கணும்."

டாக்டர் கிளினிக்கில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்தி அனுப்பினேன். 'உங்கள் பக்கம் ஒரு பாறை சும்மா கிடக்கிறது. அதில் சின்னதாக ஒரு எரிபொருள் கிடங்கு வைத்துக்கொள்ளட்டுமா?' யார் வாயிலோ கையை விட்டுக்கொண்டே பதில் போட்டிருக்க வேண்டும். 'தாராளமாக' என்று ஒரே வார்த்தை வந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கடுத்த நாள் இன்னொரு பாறை. அப்புறம் தண்ணீர் எடுக்க ஒரு நிலா. சண்டை இல்லை, சத்தம் இல்லை. அவர் பார்க்காத பக்கமெல்லாம் என் பச்சைப் புள்ளிகள் முளைத்தன. கையில் இருக்கும் உலோகத்துக்கு ஏற்ப ஒன்று கட்டுவது, அது நிலைத்த பிறகு அடுத்தது. ஏழு ஆட்டத்தில் படிக்காத பாடத்தை ஒரு வாரத்தில் படித்துவிட்டேன்.

அந்த ஒரு வாரம் அறைக்குள்ளும் சில மாறுதல்கள் நடந்தன. மேஜைக்கு அடியில் ஒரு துணி மூட்டை வந்தது. கால் வைத்துக்கொள்ள மெத்தென்று இருந்ததால் அதை நான் பாராட்டினேன். இஸ்திரி மேஜை வந்தது. அதன் ஓரத்தில் காப்பி வைத்துக்கொள்ளலாம் என்றாள், வைத்துக்கொண்டேன். ஆள் உயரத்துக்கு ஒரு துணி பொம்மை வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு மூலையில் வந்து நின்றது. அதற்குத் துணைத் தளபதி என்று நானே பதவி கொடுத்து, நெருக்கடியான நேரங்களில் அதனிடம் கலந்தாலோசித்தேன். தையல் மெஷின் எப்போது உள்ளே வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதன் சத்தம் கப்பல் கிளம்புவதுபோல் இருக்கிறது, நிறுத்தாதே என்று நான் சொன்னதாக அவள் பிறகு சாட்சியம் சொன்னாள். சொல்லியிருப்பேன்.

எட்டாம் நாளோ என்னவோ, எனக்குக் கழுத்து வலித்தது.

"மேஜை உயரம் உங்களுக்குச் சரியில்லைங்க. கம்ப்யூட்டரை ஸ்டூல்ல வச்சுப் பாருங்களேன்."

"நீயே வச்சிடு. எனக்கு இங்க ஒரு நிலா கையை விட்டுப் போகுது."

வைத்தாள். மறுநாள் வேர்க்கிறது என்றேன். ஸ்டூலை வாசற்படிப் பக்கம் நகர்த்தினால் காற்று வரும் என்றாள். நகர்த்தினாள். அதற்கடுத்த நாள் ஜன்னல் வெளிச்சம் திரையில் அடித்தது. "இந்தப் பக்கமா திரும்பி உக்காருங்க, இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம்" என்று அவள் சொல்லச் சொல்ல, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நாற்காலியோடு நகர்ந்தேன். அன்றைக்குப் பதினைந்தாவது கிரகம் என் வசம் வந்தது.

சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குப் பதினேழாவது கிரகத்தில் கொடி நட்டேன். அது டாக்டரின் தாய்க் கிரகம். ஒரு குண்டுகூடப் போடவில்லை. சுற்றிலும் என் கிடங்குகள் இருந்ததால் அவர் கப்பல்களுக்கு வெளியே போக வழியில்லை, உள்ளே எரிபொருளும் இல்லை. திரையில் 'வெற்றி' என்று வந்தது. எட்டு ஆட்டத்தில் அந்த வார்த்தையை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

போன் அடித்தது. டாக்டர்தான்.

"சார், நீங்க எப்ப உள்ள வந்தீங்க? நான் பாக்கவே இல்லையே?"

நான் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தேன். வெற்றி பெற்றவன் நாலு வார்த்தை சொல்லத்தானே வேண்டும்.

"அதுல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல சார். அவசரப்படக் கூடாது. பெருசா எதையும் கேக்கக் கூடாது. நீங்க மும்முரமா இருக்கிற நேரமா பாத்து, ஓரமா ஒரு சின்னச் சாமானை வச்சுக்கட்டுமான்னு கேக்கணும். நீங்களும் சரிம்பீங்க. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் இன்னும் கொஞ்சம் பெருசா ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் நீங்களே வாயால வச்சுக்கோன்னு சொல்லுவீங்க. கடைசியில நீங்க நிமிந்து பாக்கும்போது..."

நிமிர்ந்து பார்த்தேன்.

எனக்கு முன்னால் சுவர். இடது பக்கம் ஃப்ரிட்ஜ். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"பாக்கும்போது என்ன சார்?" என்றார் டாக்டர்.

"அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தேன்.

அறை வாசலில் போய் நின்றேன். மூன்று கயிறு கட்டி ஐம்பத்திரண்டு வெள்ளைக் கோட்டு தொங்கியது. என் மேஜை முழுக்கத் துணியும் சாக்கட்டியும் கத்தரிக்கோலும் பரவிக் கிடந்தன. என் அலமாரியில் நூல்கண்டுகள் நிறவாரியாக நின்றன. துணைத் தளபதி என்னை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கம்பெனியில் ஒரு போல்ட்டுக்கு மூன்று கையெழுத்து கேட்கிறவன், ஒரு கையெழுத்துகூட வாங்காமல் ஒரு முழு அறையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

"ஜெயிச்சிட்டீங்களா?" என்றாள் மெஷினிலிருந்து தலை தூக்காமல்.

"ஜெயிச்சிட்டேன்."

"எனக்குத் தெரியும்." நிஜமாகவே சந்தோஷப்பட்டுச் சிரித்தாள். "ரூம் உங்களுதுதான். நான் பேச்சு மாற மாட்டேன். எது எது வேணாமோ சொல்லுங்க, இப்பவே எடுத்துடறேன். எல்லாம் நீங்க வையின்னு சொன்னதுதான்."

மெஷினை ஓட்டிக்கொண்டேதான் சொன்னாள். ஜன்னல் வெளிச்சம் நேராக ஊசிமேல் விழுந்தது. முதுகு வளையாமல், காலை நன்றாக நீட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஃப்ரிட்ஜ் உறுமியது. நான் அங்கே உட்கார்ந்திருந்தது இரண்டே நாள். அதற்குள் அதன் கதவு நாலு தடவை என் தோளில் இடித்திருந்தது. இவள் மூன்று மாதம் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். சாப்பாட்டு நேரத்துக்கு எல்லாவற்றையும் சுருட்டி வைத்து, சாப்பிட்டதும் மறுபடி விரித்திருக்கிறாள். அப்போதெல்லாம் நான் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள்மேல் பிரியமாகவும் இருந்தது.

"எதையும் எடுக்க வேணாம்" என்றேன். "இன்னும் எட்டு கோட்டு பாக்கி இருக்கே. மொதல்ல அதை முடி."

"அப்ப உங்க யோசனை?"

"ஃப்ரிட்ஜ் பக்கத்துல நல்லாத்தான் வருது."

பெருந்தன்மை என்றால் என்ன என்று அவளுக்குக் காட்டிவிட்ட நிறைவோடு திரும்பி வந்து என் ஸ்டூலின் முன் உட்கார்ந்தேன். டாக்டர் அடுத்த ஆட்டத்துக்கு அழைப்பு அனுப்பியிருந்தார். புதிய கிரகம் திரையில் சுழன்றது. எரிபொருள் காய்ச்சத் தொடங்கினேன். சற்று நேரத்தில் பின்னால் காப்பி வாசனை வந்தது.

"என்னங்க, உள்ள இடமே போதல. இந்தப் பட்டன் டப்பாவை மட்டும் உங்க ஸ்டூல் ஓரமா வச்சுக்கட்டுமா?"

"வையேன், ஒரு டப்பாதானே" என்று சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.