நான் எம்.எல்.ஏ. தேர்தலில் நின்ற காரணம்

தேர்தலில் நிற்கிற எல்லோரும் மக்களுக்காகத்தான் நிற்கிறார்கள். நோட்டீஸில் அப்படித்தான் போடுகிறார்கள். நானும் போட்டேன். உள்ளே என்ன புண் இருக்கிறது என்று எந்த அச்சகத்துக்காரரும் கேட்பதில்லை.

பெங்களூரில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் பேட்டை. அங்கே ‘செல்வம் ஷாமியானா’ என்றால் என் கடை. பந்தல், நாற்காலி, மைக் செட், சமையல் அண்டா எல்லாம் வாடகைக்கு விடுவேன். காதுகுத்தானாலும் கட்சிக் கூட்டமானாலும் நாற்காலி என்னுடையதுதான். (போன வாரம் யார் உட்கார்ந்து யாரைத் திட்டினார்களோ, அதே நாற்காலியில் இந்த வாரம் திட்டு வாங்கியவர் உட்கார்ந்திருப்பார். எனக்கு இரண்டு பேரிடமும் வாடகை.)

பார்க் திறப்பு விழா ஒன்று வந்தது. அழைப்பிதழில் ‘ஊர்ப் பிரமுகர்கள்’ வரிசையில் என் பெயரும் இருந்தது. விடுவேனா? கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், பின்னால் இருந்த என் மனைவி அமுதாவுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். எம்.எல்.ஏ. வந்தார். அவரோடு வந்த அடிப்பொடி ஒருவன் என் தோளைத் தட்டினான்.

“ஏளி, ஏளி!”

கன்னடத்தில் ‘எழுந்திருங்கள்’ என்று அர்த்தம். வார்த்தையில் மரியாதை இருந்தது. தட்டிய தட்டில் இல்லை.

“இது என் சேர்ப்பா” என்றேன்.

“உங்களுதுன்னா தூக்கிட்டுப் போங்க” என்று கன்னடத்தில் சொன்னான். எம்.எல்.ஏ. சிரித்தார். அவர் சிரித்ததால் வரிசை மொத்தமும் சிரித்தது.

விழா முடிகிறவரை பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ ஒரு அம்மாள் நேராக என்னிடம் வந்து தண்ணீர் பாட்டில் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, “நான் எம்.எல்.ஏ. ஆகப்போறேன்” என்றேன்.

“மொதல்ல சட்டைய மாத்துங்க” என்றாள் அமுதா.

தேர்தல் வந்ததும் சுயேச்சையாக மனுப் போட்டேன். சின்னம் நாற்காலிதான் வேண்டும் என்று கேட்டேன். அது வேறு யாருக்கோ போய்விட்டது. எனக்குக் கிடைத்தது சீப்பு. (என் தலையில் சீப்புக்கு வேலை போய்ப் பல வருஷம் ஆகிறது. வீடு வீடாகப் போனபோது மக்கள் முதலில் நோட்டீஸைப் பார்த்தார்கள். பிறகு என் தலையைப் பார்த்தார்கள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்கள்.)

என்னை நிஜமான வேட்பாளராக நினைத்த ஒரே ஆள் சகாயமேரி. எங்கள் தெருக் கடைசியில், பள்ளத்தில் அவள் வீடு. மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு உள்ளே வரும். காலையில் நாலு வீட்டில் வேலை முடித்துவிட்டு, மத்தியானம் முழுக்க எனக்காகத் தெருத் தெருவாக நடந்தாள்.

“செல்வம் அண்ணன் நம்ம தெரு ஆளு. தண்ணி வந்தா அவரு காலும் நனையும். வேற யாரு கால் நனையும் சொல்லு?” என்று அவள் பேசியதைக் கேட்டு, நான் மக்களுக்காகத்தான் நிற்கிறேன் என்று நானே கொஞ்ச நாள் நம்பிவிட்டேன்.

அந்த நேரத்தில் யூடியூப் சேனல்காரர் ஒருவர் பேட்டி எடுக்க வந்தார். நேரடி ஒளிபரப்பு. கடை வாசலில் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மேரி என் பக்கத்தில் நின்றாள். சாக்கடை, பள்ளிக்கூடம், ரேஷன் என்று ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

அவர் மைக்கை நீட்டி, “ஏளி சார்” என்றார்.

‘சொல்லுங்கள்’ என்பதற்குக் கன்னடத்தில் ‘ஹேளி’. பேச்சு வேகத்தில் பலபேர் அந்த ‘ஹ’வை விழுங்கிவிடுவார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். பிறந்ததிலிருந்து கேட்கிற பாஷை. ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்த மாத்திரத்தில் உடம்பு தானாக எழுந்து நின்றுவிட்டது. கேமராவில் என் தொப்பை மட்டும் தெரிந்தது.

அவர் குழம்பிப்போய், “யாக்கே நிந்த்ரி சார்?” என்றார். ஏன் நின்றீர்கள் என்கிறார். எழுந்ததைக் கேட்டாரா, தேர்தலைக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“உக்கார விடலை சார். அதான் நிக்கிறேன்.”

அதற்கப்புறம் என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. பார்க், வெள்ளைச் சட்டை, தோளில் தட்டியது, சிரித்தது, தண்ணீர் பாட்டில் எல்லாம் வந்தது. மூக்கிலிருந்தும் வந்தது. மேரி என் சட்டையைப் பிடித்து இழுத்தபடியே இருந்தாள். “அண்ணே, சாக்கடையச் சொல்லுங்க. அண்ணே, சாக்கடை!”

நான் சொல்லவே இல்லை.

மறுநாள் காலை பெங்களூரே என் அழுகையைப் பார்த்துச் சிரித்தது. யாரோ அதற்குச் சோக ஷெனாய் வேறு சேர்த்திருந்தார்கள்.

அடுத்து எம்.எல்.ஏ.வே கடைக்கு வந்துவிட்டார். நாலு கேமரா, ஒரு சால்வை, மெத்தை வைத்த ஒரு ராஜா நாற்காலி. கடை வாசலில் அதைப் போடச் சொல்லி, “அண்ணா, தப்பாயிடுச்சு, உக்காருங்க” என்று தமிழில் சொல்லிக் கையைப் பிடித்தார். மேரி நோட்டீஸ் கட்டோடு அப்போதுதான் வந்து நின்றாள்.

நான் உட்கார்ந்தேன். எம்.எல்.ஏ. பக்கத்தில் கைகட்டி நின்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்த கோபத்தை உள்ளே தேடிப் பார்த்தேன். காணவில்லை.

“உக்காந்துட்டீங்களாண்ணே?” என்றாள் மேரி. நோட்டீஸ் கட்டைக் கடைத் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலத்துக்குள் அந்தப் படம் அவருடைய போஸ்டரில் ஏறிவிட்டது. மனுவை வாபஸ் வாங்கும் தேதி தாண்டிவிட்டது. ஆகவே வாக்கு மெஷினில் என் பெயருக்கு எதிரே சீப்பு. சுவரில் அவர் பக்கத்தில் நான். தனக்கு எதிராகத் தானே பிரச்சாரம் செய்த ஒரே வேட்பாளர் அந்தத் தொகுதியில் நான்தான். அவர் ஜெயித்தார். என் டெபாசிட் போனது.

அந்த வருஷ முதல் மழையில் மேரி வீட்டுக்குப் போனேன். வாளியில் தண்ணீர் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு வாளியை எடுத்தேன். தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“ஒக்கார எடம்தான் வேணும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. நான் சும்மா அலைஞ்சிருக்க மாட்டேன்.”

ஈரத்தோடு வீட்டுக்கு வந்தேன். வந்த எரிச்சலில், “நம்ம ஜனங்களுக்கு நன்றியே கெடையாது” என்று கத்தினேன். காலேஜில் படித்துக்கொண்டிருந்த என் மகள் நித்யா போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“இது சொந்தப் பிரச்சினையாப்பா, மக்கள் பிரச்சினையா?”

அன்று பிடித்தது. உப்புமா வேண்டாம் என்றால் இதே கேள்வி. மச்சினன் வீட்டு விசேஷத்துக்கு வரவில்லை என்றால் இதே கேள்வி. சொந்தக்காரர்கள் கூடினால் நான் வாயைத் திறக்குமுன் சின்னப் பிள்ளைகள் வரை கோரஸாகக் கேட்கிறார்கள். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்துவிடுவேன். அதுதான் சீக்கிரம் முடியும்.

போன மாதம் நித்யா ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். வேறு ஜாதி. எனக்கு அதில் ஒன்றும் இல்லை, ஆனால் நாலு பேர் என்ன பேசுவார்கள், நம் சனம் மனசு கஷ்டப்படாதா என்று நீளமாகப் பேசினேன். மைக் இல்லாத குறைதான். அமுதா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். இந்தமுறை அவள் சிரிக்கவில்லை.

“சொந்தப் பிரச்சினையா, மக்கள் பிரச்சினையா?”

தை மாதம் கல்யாணம்.